பங்குனி முடிஞ்சா தூண்டிலைத் தொட மாட்டார் எங்க மாமா!

மாசி பிறந்துவிட்டால், ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் காவிரி என்பது பெரும்பாலும் மணல்தான். மேட்டூர் அணையில் பாசனத்துக்காக ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடிய சில வாரங்களில் அம்மா மண்டபம் படித்துறைக்கு முன்னால் பையன்கள் கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். வடக்கே கொள்ளிடத்திலும் அதே கதைதான். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற ஊரில் ஒரு தூண்டில் போட இடம் கிடைக்காது.

அப்போதுதான் எங்க மாமா கடலுக்குக் கிளம்புவார்.

மாமா பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு திருவானைக்காவலில். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் திருச்சி ஜங்ஷனில் இருப்பார். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு பஸ். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் நானும் தொற்றிக்கொள்வேன்.

தரங்கம்பாடி என்றால் எல்லோருக்கும் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டை ஞாபகம் வரும். மாமாவுக்கு அங்கே ஞாபகம் வருவது கிழங்கான். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கும் இடத்தைத் தாண்டி, மணல் கரைக்குப் போய்விடுவார். ஐப்பசி, கார்த்திகையில் பருவமழையோடு கொந்தளித்த கடல், மாசியில் அடங்கித் தெளிந்திருக்கும். கரையில் நின்றபடியே தூண்டில் வீசலாம். அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால், மணலைக் கிளறி இரை தேடுகிற மீன் கிழங்கான். அதனால் ஈயம் கட்டி, இரை தரையில் படுகிற மாதிரி விட வேண்டும். சின்ன முள், அதில் உரித்த இறால் துண்டு. அவ்வளவுதான் சாமான்.

என்னிடம் ஆன்லைனில் வாங்கிய ராடும் ரீலும் உண்டு. மாமாவிடம் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு மட்டும்தான். மீன் என்னவோ அவருக்குத்தான் அதிகம் கடிக்கும்.

கடலோரத்தில் அவர் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இவை. அலைக்கு முதுகு காட்டி நிற்காதே. பாசி படிந்த கல்லில் ஏறாதே. கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் பிடிக்காதே. அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போ. வயிறு உப்பிக்கொள்ளும் பேத்தை வந்தால் வீட்டுக்கு எடுத்து வராதே. அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு சாணுக்குக் குறைந்த மீன் எதுவானாலும் திரும்பக் கடலுக்குத்தான். ஒருமுறை எனக்கு ஒரு கொடுவாக் குஞ்சு மாட்டியது. கொடுவாய்க்கு மார்க்கெட்டில் என்ன மவுசு என்று உங்களுக்கே தெரியும். ஆசையாகப் பையில் போடப் போனேன். மாமா வாங்கி, முள்ளைப் பக்குவமாக எடுத்து, தண்ணீரில் விட்டார். கொடுவா முதலில் ஆணாக இருந்து, நன்றாக வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். குஞ்சிலேயே பிடித்துவிட்டால் அது முட்டையிடும் காலமே வராது.

இப்படியே பங்குனி கடைசி வரை போகும். சித்திரை பிறந்ததும் மாமா நரம்பைச் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார். ஏனென்றால், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு வருஷமும் அந்தச் செய்தியை வெப்சைட்டில் ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை, 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் தடை தொடங்கியபோது 45 நாள்தான். 2017-லிருந்து 61 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருக அவகாசம் கொடுப்பதற்காகத்தான் இந்தத் தடை. நாட்டுப்படகுக்கும், கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கும் இது பொருந்தாது.

இந்தக் கடைசி வரியை வைத்துத்தான் போன வருஷம் எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம் வந்தது.

மாமாவின் பேரன் பெங்களூரில் படிக்கிறான். எட்டு வயசு. தாத்தாவோடு கடலில் தூண்டில் போட வேண்டும் என்று ஒரு வருஷமாக போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஸ்கூல் லீவு ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து, மே கடைசியில் முடிந்துவிடும். தடைக்காலமும் அதே நாள்கள். சரி, ஆற்றில் போடலாம் என்றால் காவிரியில் தண்ணீர் இல்லை. ஆறு ஜூன் 12-ல் திறக்கும், கடல் ஜூன் 15-ல் திறக்கும், பையன் அதற்குள் பெங்களூரில் வகுப்பில் உட்கார்ந்திருப்பான்.

"சட்டப்படி தப்பே இல்ல மாமா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. பாவம், புள்ள ஏங்கிப்போயிடுவான்" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"நானும் முன்னாடி மே மாசத்துல போனவன்தாம்மா. அன்னிக்கு எனக்கு நல்ல மீனு. பக்கத்துல ஒருத்தர் காலையிலேருந்து நின்னாரு. அவருக்கு ஒண்ணும் சிக்கல. போட்டுல கூலிக்குப் போறவராம். 'சார், உங்களுக்கு இது ஞாயித்துக்கிழமை. எங்களுக்கு இது அடுப்பு'ன்னு சொன்னாரு. கோவமாக்கூடச் சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த ரெண்டு மாசம் என்னால அங்க நிக்க முடியல."

தடைக்காலத்தில் அரசு நிவாரணம் கொடுக்கிறது. ஆனாலும் இரண்டு மாதம் படகு கட்டிக் கிடக்கும்போது, அதை நம்பியிருக்கும் தொழிலாளிகளில் சிலர் கரையில் தூண்டிலோடு நிற்கத்தான் செய்கிறார்கள். 'தடைக்காலம் தொடங்கியது, மீன் விலை உயரும்' என்று நான் தலைப்பு வைக்கிற செய்திக்குப் பின்னால் இப்படி ஒருவர் நிற்பதை, மாமா சொல்லித்தான் யோசித்தேன்.

ஒரு தூண்டிலால் கடலில் மீன் குறைந்துவிடப்போவதில்லை. அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் கரையில் நல்ல இடம் சில அடிதான். அங்கே நாம் நின்றால் இன்னொருவர் தள்ளி நிற்க வேண்டும்.

பேரன் வந்தான். முதல் இரண்டு நாள் அழுகை. அவன் அம்மாவுக்கு மாமா மேல் கோபம். "அப்பாவுக்கு ஊரான் வீட்டு அடுப்பு தெரியுது, பேரன் மொகம் தெரியல" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மே மாதம் ஒரு நாள் மாமா பையனைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனார், தூண்டில் இல்லாமல். நானும் போனேன். கொஞ்சம் தள்ளி, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் படகில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆள்கள் வரிசையாக நின்று கயிற்றைக் கரைக்கு இழுக்கிற பழைய முறை. மாமா அங்கிருந்த பெரியவரிடம் ஏதோ கேட்டார். அவர் பையனைப் பார்த்து, "வாடா தம்பி, புடி!" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தான். உள்ளங்கை சிவந்துவிட்டது. வலை கரையேறியபோது மத்தி, காரப்பொடி, ரெண்டு நண்டு என்று துள்ளியதைப் பார்த்து அவன் போட்ட சத்தம் கோட்டை வரை கேட்டிருக்கும். மாமா காசு கொடுத்து மீன் வாங்கினார். பெரியவர் ஒரு கை அள்ளித் தனியாகப் பையனிடம் கொடுத்து, "இது உன் கூலி" என்றார். அந்தக் கூலியை யாரையும் தொட விடாமல், திருச்சி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு ரயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்!

போன வாரம் மாமாவுக்கு போன் செய்திருக்கிறான். விசாரித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: "தாத்தா, பெரிய லீவை மாசி மாசத்துல விடச் சொல்லி யாருக்கு லெட்டர் எழுதணும்?"