விதியும் கொக்கியும்

டிராக்டர் முன்சக்கரம் தூக்கி மல்லாந்து, ஓட்டியவன் மாண்டால், ‘அவன் தலைவிதி’ என்பர் நம்மவர். விதியைப் பழிக்குமுன் பின்கொக்கியின் உயரத்தை அளந்து பாருங்கள் என்பேன். பின்அச்சுக்கு மேலே பாரத்தைக் கட்டினால், கலப்பை வேரில் சிக்கியவுடன் வண்டியே அச்சைச் சுற்றி எழும்; கீழே கட்டினால் அவ்வபாயம் பெரிதும் குறையும்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் கலப்பையைக் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று தண்டுகளால் வண்டியோடு பிணைத்தார். கீழ்த்தண்டுகள் இழுக்கும், மேல்தண்டு முன்னோக்கி அழுத்தி, வண்டி எழாதபடி தடுக்கும். 1946 முதல் 1956 வரை கவென்றி நகரில் உருவான அவருடைய சாம்பல்நிறச் சிறு டிராக்டர்கள் இம்முறையாலேயே பேர்பெற்றன.

ஜொகூரில், எங்கள் எஸ்டேட் பங்களாவின் புல்வெளிக்கென வந்த பழைய குட்டி டிராக்டர் இப்பொழுது நாற்றங்காலில் உழுகிறது. அதற்குக் கொக்கி செய்யும் வேலை பட்டறைக்கு வந்தது. பின்தகடோ மெல்லியது, அதில் மட்டும் பூட்டினால் கிழிந்துபோம். ஆகவே கோண இரும்பை இருபுறச் சட்டங்களோடும் போல்ட்டால் முடுக்கி, பாரத்தைப் பகிர்ந்தளித்தோம். பற்சக்கரப் பெட்டி வார்ப்பிரும்பு. அதில் வெல்டிங் வைப்பது விரிசலை விலைக்கு வாங்குவதாகும்.

“இவ்வளவு கனத்த இரும்பு போட்டாயிற்றே, கிராணி ஐயா! துளை எங்கிருந்தால் என்ன?” என்றார் ஓட்டுநர். இரும்பு முறியாவிட்டால் வண்டியன்றோ புரளும்! அச்சுக்கு நான்கு அங்குலம் கீழே சாக்கட்டியால் கோடிட்டுக் கொடுத்தேன்.