தஞ்சையிலிருந்து கொண்டுவரத் தக்கவை

கி.பி. 1010-இல் இராசராச சோழன் கட்டி முடித்த பெருவுடையார் கோயிலைத் தரிசிக்கும் அன்பர்கள், நகரினுள் உள்ள அரண்மனை வளாகத்தையும் கண்டு திரும்புதல் நன்று. அங்குள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளும் காக்கப்படுகின்றன. 1798 முதல் 1832 வரை அரசராக விளங்கிய இரண்டாம் சரபோஜி, அந்நூலகத்தைப் பெரிதும் வளர்த்தவர்.

கண்டவற்றின் நினைவாகப் பேரக்குழந்தைகளுக்கு எதை வாங்கிச் செல்வது? எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும் பிளாஸ்டிக் உருவம் தஞ்சையைப் பற்றி எதுவும் சொல்லாது. இவ்வூருக்கே உரியவை வேறு. பித்தளைத் தட்டின் மீது, அச்சில் அடித்தெடுத்த வெள்ளித் தகட்டுத் தெய்வ உருவங்களைப் பொருத்திச் செய்யும் கலைத்தட்டு அவற்றுள் ஒன்று. மற்றொன்று நவராத்திரிக் கொலுவிலும் இடம்பெறும் தலையாட்டிப் பொம்மை. அதன் அடிப்பாகம் உருண்டு கனத்திருப்பதால், எப்பக்கம் சாய்த்தாலும் தானே நிமிரும். ‘ஏன் விழவில்லை?’ என்று குழந்தை கேட்கும்போது, எடை தாழ்ந்திருப்பதே காரணம் என விளக்கலாம். அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, சுவடிகளிலிருந்து அந்நூலகமே பதிப்பித்து விற்கும் நூல்கள் ஏற்றவை.

வாங்கும்போது, செய்த முறையையும் விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். கைவினைஞரின் உழைப்புக்கு விலை கிடைப்பதோடு, அவர் தொழிலின் வரலாறும் வீடு வந்து சேரும். அதை எடுத்துச் சொல்லத் தாத்தாவோ பாட்டியோ இருக்கும் இல்லத்தில், அலமாரிப் பொம்மையும் ஆசிரியராகும்.