ஏழு வருஷக் கணக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம் வரை தோப்பு தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னை போனால் மறுபடி பாளை தள்ள ஆறேழு வருஷம். அறுபது வயதுக்காரர் ஒருவர் எந்தத் தைரியத்தில் மறுபடி கன்று நடக் குழி வெட்டினார்?

*

கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் அங்கே நிறைய. பத்திரமான பயிர் என்று நம்பிப் போன இடத்தில்தான் அடி விழுந்தது.

*

அப்போது அரசு அறிவித்த நிவாரணம் தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500.

அந்த அப்புறப்படுத்தும் வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. விழுந்த மரம் கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகும். பெருகி, புதிதாக நட்ட தென்னம்பிள்ளையின் குருத்தைத் துளைக்கும். குருத்து விரிகிறபோது ஓலை கத்தரிக்கோலால் நறுக்கியது மாதிரி இருக்கும். அதைத் தடுக்க வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுகிறார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து, கையால். நம்பிக்கை என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது பெரும்பாலும் இப்படி இடுப்பு வலிக்கிற வேலையாகத்தான் இருக்கிறது.

*

டீக்கடையில் அந்த அறுபது வயதுப் பெரியவர்: “புயலுக்கப்புறம் ஒரு மாசம் சாமியே கும்புடல தம்பி. ஊதுபத்திகூடக் கொளுத்தல.”

“அப்புறம்?”

“அப்புறம் திருவிழா வந்துருச்சு. வரி குடுக்கணும்ல.”

வரி கொடுத்தார். சாமியோடு சமாதானம் ஆனதா என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. எத்தனையோ ஆன்மிகச் சொற்பொழிவு கேட்டாயிற்று. எனக்கென்னவோ இந்தக் கோபத்தில்தான் பக்தி அதிகம் என்று படுகிறது. கோபித்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார் என்ற நினைப்பாவது மிச்சம் இருந்ததே.

*

‘மீண்டு எழுந்தார்கள்’ என்று எழுதும்போது எழாதவர்களை விட்டுவிடுகிறோம். நிலத்தை விற்றவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள். அவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு வருஷம் காத்திருக்கச் சோறு வேண்டும். பெரியவருக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினான். தென்னங்கன்றுகளுக்கு நடுவே உளுந்தும் எள்ளும் போட்டார். வேறு சிலருக்கு அனுப்ப ஆள் இல்லை, கடன்தான் இருந்தது.

*

தனக்குக் குட்டைத் தென்னை ரகம் பிடிக்காது என்றார் பெரியவர். சீக்கிரம் காய்க்குமே என்றேன். “சீக்கிரம் முடிஞ்சும் போயிரும். நெட்டைன்னா பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.” சொந்தத் தோப்பு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் சொல்கிறார் இதை!

*

இப்போது அவர் தோப்பில் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. கீழ் ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கிறது. மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டியிருக்கிறார். நான் கிளம்பும்போது அந்த ஷீட் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்தார். பட்டுக்கோட்டையில் விலை அதிகமாம்.