அப்பாவின் மேசை ரம்பம்

என் தந்தையின் இடக்கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். நான் நான்காம் வகுப்புப் படிக்கையில், அவர் கூலிக்கு வேலை செய்த மர மில்லில் மேசை ரம்பம் மீதியைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் என் புத்தகப் பையைக் காட்டி, “நீ இதையே பிடிச்சுக்கடா தம்பி” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அதன்பின் வீட்டுக்குப் பின்னால், 10 அடிக்கு 12 அடித் தகரக் கொட்டகையில், கைரம்பத்தாலேயே காலம் தள்ளினார். சென்ற கோடை விடுமுறையில் தோள்வலி தாளாமல், “மேசை ரம்பம் ஒண்ணு வாங்கிடலாம். பிசிக்ஸ் படிக்கிறவன், நீயே பாத்துச் சொல்லு” என்றார். எந்தத் தேர்வுக்கும் நான் அப்படி அஞ்சியதில்லை.

எங்கள் பக்கத்தில் பலரிடம் இருப்பது, ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து அடியில் மோட்டார் பொருத்திய மேசை. மலிவுதான்; ஆனால் பிளேடுக்கு மறைப்பே கிடையாது. கடையில் முதலில் ஒரு சிறு ரம்பத்தைக் காட்டினார்கள். அதன் மோட்டார் மிக்ஸி மோட்டாருக்கு அண்ணன், காதைக் கிழிக்கும். நீளப் பலகையைத் தள்ளினால் மேசையே நகரும். தொழிற்சாலை ரம்பமோ 200 கிலோவுக்கு மேல். மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கும். எங்கள் வீட்டில் ஒற்றை ஃபேஸ்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஹைப்ரிட் என்றொரு வகை உண்டு. வார்ப்பிரும்பு மேசை, பெட்டிக்குள் அடங்கிய மோட்டார், பெல்ட் ஓட்டம். நாங்கள் பார்த்தது 2 குதிரைத்திறன், அதாவது சுமார் 1,500 வாட். 16 ஆம்பியர் பிளக் போதும். “ரெண்டுங்கெட்டானா?” என்றார் அப்பா. (கல்லூரிக்கு வந்தபின் ஊரில் என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள்!)

என் கண்ணெல்லாம் பிளேடுக்குப் பின்னால் நின்ற மெல்லிய எஃகுத் தகட்டின் மேல்தான். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். அறுபட்ட பலகை பின்பக்கம் நெருங்கி பிளேடைக் கவ்வினால், மேலெழும் பற்கள் அதைத் தூக்கி ஆளின்மேல் எறியும்; தள்ளிய கை பிளேடின்மேல் சரியும். அப்பாவின் விரல் போனது இப்படித்தான். அந்தத் தகடு பிளவை மூடவிடாது. பிளேடோடு கூடவே ஏறி இறங்கும். மில் ரம்பத்தில் அப்படியொன்று இருந்ததேயில்லையாம்.

தோல் பட்டதும் மின்சைகை மாறுவதை உணர்ந்து 5 மில்லிவினாடிக்குள் பிளேடை நிறுத்தும் முறையை, 1999-இல் ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுபிடித்ததைச் சொன்னேன். விலையை விசாரித்த அப்பா, “படிச்சு முடிச்சுட்டு நீயே ஒண்ணு செஞ்சு குடு” என்று சிரித்தார்.

அவருடைய பரிசோதனை வேறு. ஓடும் ரம்பத்தின் மேசையில் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார், விழவில்லை. பிறகு ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அதையே முன்னும் பின்னும் திருப்பி மேசைப் பள்ளத்திலிருந்து அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன. அம்மாவின் சீட்டுப் பணம் கைமாறியது.

தகடு இடைஞ்சல் என்று கழற்றிவிடுவோர் அதிகம். அதனால் சனிக்கிழமை ஊருக்குப் போனால் பையை வைக்குமுன் கொட்டகையை எட்டிப் பார்க்கிறேன். போன வாரமும் இருந்தது, மரத்தூள் படிந்து.