வகுப்பறைக்கு எந்த உட்கூரை?



வகுப்பறை வசதி என்றதும் மேசை, நாற்காலி, கணினி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. தலைக்கு மேல் இருக்கும் உட்கூரையை, அது ஒழுகும் வரையில் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் இதே நிலைதான். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தகரக் கூரையும் அதன் கீழுள்ள பழைய பலகையும் மட்டும் சில இடங்களில் அப்படியே நிற்கின்றன.

சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள எங்கள் பள்ளியில் உட்கூரையை மாற்றப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவெடுத்தபோது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன்.

முதலில் பேசப்பட்டது ஜிப்சம் பலகை. காகிதத் தாள்களுக்கு இடையே ஜிப்சத்தை அடைத்துச் செய்யும் முறைக்கு, அகஸ்டின் சாக்கெட் என்ற அமெரிக்கர் 1894இல் காப்புரிமை பெற்றார். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாக வெளியேறி, நெருப்பு பரவுவதைத் தாமதப்படுத்தும். பள்ளிக்கு இது பெரிய நன்மை. ஆயினும், அதன் காகிதம் ஈரத்துக்கு ஆகாது. மேலை நாட்டினர் நிலவறை உட்கூரைக்கு இதைப் பொருத்தும்போது ஈரக்கசிவை எண்ணி அஞ்சுவர். நமக்கு நிலவறை இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஈரக்காற்று உண்டு. பச்சைத் தாள் ஒட்டிய ஈரந்தாங்கும் வகை காற்றின் ஈரத்தைத் தாங்கும்; ஒழுகும் நீரை எந்த வகையும் நெடுநாள் தாங்காது.

அடுத்தது நார்ச்சிமெண்ட் தகடு. நீருக்கும் கறையானுக்கும் அஞ்சாது. ஆனால் ஒலியை உறிஞ்சாமல் எதிரொலிக்கும். மூன்றாவது, சட்டத்தில் அடுக்கும் கனிமநார் ஓடு. ஒலியை நன்கு உறிஞ்சும். ஈரம்பட்டால் கறைபடிந்து தொய்ந்துவிடும். ஆசிரியர் கல்விக் கழகத்தில் வாசிப்புப் பயிற்சியைப் பற்றி எவ்வளவோ படித்தோம். பிற்பகல் மழை தகரத்தில் கொட்டும்போது முதலாம் ஆண்டு மாணவர் 'லகர, ளகர, ழகர' வேறுபாட்டை எப்படிக் கேட்பர் என்பதை வகுப்பறைதான் எனக்குக் கற்பித்தது.

ஆனால், புதிய பலகையைவிடப் பழைய பலகையே பெரிய கேள்வியாயிற்று. "டீச்சர், சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்து நாங்களே உடைத்துப் போட்டுவிடுகிறோம். கூலி மிச்சம்," என்றார் ஒரு தந்தை. அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. "ஐயா, அது கல்நார்த் தகடாக இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டேன். அக்காலக் கட்டடங்களில் கல்நார்ச் சிமெண்ட் தகடு பரவலாகப் பயன்பட்டது. ஈப்போவின் தாசேக்கில் இருக்கும் யு.ஏ.சி. நிறுவனத்தின் பழைய பெயரே 'யுனைடெட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்' என்பதாகும். இப்போது அந்நிறுவனம் கல்நார் கலவாத தகடுகளையே செய்கிறது.

உடையாத தகட்டில் ஆபத்து குறைவு. உடைத்தாலோ, அறுத்தாலோ, உலர்ந்த தூசைப் பெருக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்குவது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் முடிவு. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இன்று ஏழு வயதில் சுவாசிக்கும் பிள்ளை நடுவயதில் அதன் விலையைக் கொடுக்க நேரலாம். கண்ணால் பார்த்து இதை உறுதி செய்ய இயலாது. ஆய்வகச் சோதனை தேவை. சோதனையில் எங்கள் தகட்டில் கல்நார் இருப்பது தெரிந்தது. பள்ளி விடுமுறையில், பயிற்சி பெற்றவர்கள் நனைத்து, உடைக்காமல் கழற்றி, உறையிட்டு எடுத்துச் சென்றனர். கல்நார்க் கழிவு நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அட்டவணைக் கழிவாகும். அதைச் செம்பனைக் காட்டோரம் கொட்டிவிட முடியாது.

இதனால் செலவு கூடியது. நூலக அலமாரிகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. சிலருக்கு மனவருத்தமும் இருந்தது. ஆயினும், முதலில் கூரை ஒழுக்கை அடைத்தோம். நடைபாதைக்கு நார்ச்சிமெண்ட், வகுப்பறைகளுக்கு ஈரந்தாங்கும் ஜிப்சம், அதன் மேல் மழை இரைச்சலைக் குறைக்கப் பாறைக்கம்பளி என முடிவாயிற்று. பலகை தொய்யாதிருக்கச் சட்டங்களின் இடைவெளியை 600 மில்லிமீட்டருக்குப் பதில் 400 ஆக்கினோம்.

உங்கள் பள்ளியிலோ பழைய தோட்ட வீட்டிலோ உட்கூரையை மாற்ற எண்ணினால், விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் இரண்டைச் செய்யுங்கள்: பழைய தகட்டைச் சோதியுங்கள்; கூரையை அடையுங்கள். சுத்தியலை அதன்பின் எடுக்கலாம்.