விட்டுவிட வேண்டிய சுரம்

முதல் குழலை இணைய ஏலத்தில் மலிவாக வாங்கினேன். கரிய மரம், வெள்ளி நிற வளையங்கள், ஆறு துளைகள். படத்தில் பார்க்கையில் நூறாண்டுப் பழமை கொண்ட அயர்லாந்துக் குழல் போலவே இருந்தது. ஆறு மாதம் ஊதினேன். கீழ்ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது. மேல்ஸ்தாயியில் வந்தவை எந்தச் சுருதியோடும் சேரவில்லை. குற்றம் என் உதட்டில்தான் என்று நம்பினேன். நடுவயதில் வாத்தியம் கற்க முனைபவனுக்குத் தன்னைச் சந்தேகிப்பது எளிது. கருவியைச் சந்தேகிக்கும் துணிவு வருவதில்லை.

அந்த ஜூலையில் கிளேர் பகுதியிலுள்ள மில்டவுன் மால்பே என்ற சிற்றூருக்குப் போனேன். வில்லி கிளான்சி என்ற பைப்ஸ் கலைஞர் 1973இல் மறைந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் தொடங்கிய கோடைப்பள்ளி இன்றும் ஆண்டுதோறும் அங்கே நடக்கிறது. குழல் வகுப்பின் ஆசிரியர் என் கருவியை வாங்கி இரண்டு சுரம் ஊதிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் குழலைத் துடைத்து என்னிடம் நீட்டினார். அதன் அடிச்சுரம், ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல, என் மூச்சில் எழுந்தது. எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியல்ல, எரிச்சல். ஆறு மாதம்!

அயர்லாந்துக் குழல் என்று நாம் அழைப்பது உண்மையில் லண்டனிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ருடால் அண்ட் ரோஸ் போன்ற லண்டன் நிறுவனங்கள் கச்சேரி மேடைக்காகவும் கனவான்களின் பொழுதுபோக்கிற்காகவும் செய்த மரக்குழல் அது. தலைப்பகுதி நேர் உருளை. உடலின் உட்துளை அடிநோக்கிக் கூம்பிக் குறுகும். சார்ல்ஸ் நிக்கல்சன் பெரிய துளைகள் கொண்ட குழலில் எழுப்பிய நாதத்தை 1831இல் லண்டனில் கேட்ட ஜெர்மானியர் தியோபால்ட் போம், தன் குழலால் அதற்கு ஈடுகொடுக்க முடியாதென்று கண்டு குழலின் அமைப்பையே மாற்றப் புறப்பட்டார். 1847இல் அவர் செய்த நேர்துளைக் குழல்தான் இன்றைய மேற்கத்திய ஃப்ளூட்டின் மூலம். எந்த நாதத்தின்மீது பொறாமைகொண்டு அவர் கிளம்பினாரோ, அந்த நாதம் தந்த குழலையே அது மேடையிலிருந்து இறக்கிவிட்டது. கைவிடப்பட்டவை விலை சரிந்து பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. கிராமத்து நடன இசைக்காரர்களின் கைக்கு எட்டின. அவற்றின் உலோக விசைகளை அவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. அவர்களது மெட்டுகளில் பெரும்பகுதிக்கு ஆறு துளைகளே போதும்.

நம் குழலிசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது முதலில் வறட்சியாகத்தான் படும். விரலை நழுவவிட்டுச் சுரத்தை வளைக்கும் கமகத்துக்கு இங்கே அதிக வேலையில்லை. விரல் ஒரு கணம் துளையைத் தட்டி விலகுகிறது. அவ்வளவுதான். ஒரே சுரம் இருமுறை வந்தால் நாவால் பிரிப்பதைவிட இப்படி விரலால் வெட்டிப் பிரிப்பதே அதிகம். துருத்தியால் காற்றூட்டும் பைப்ஸில் நாவுக்கு இடமேது? அந்தப் பழக்கம் குழலுக்கும் தொற்றியிருக்கிறது.

என்னைத் திணறடித்தது மூச்சு. ரீல் என்னும் நடன மெட்டில் சுரங்கள் இடைவெளியின்றி ஓடுகின்றன. வயலின்காரருக்குக் கவலையில்லை. ஆசிரியர் சொன்னார்: “மூச்சுக்கு இடம் தேடாதீர்கள், அங்கே இடமே கிடையாது. ஒரு சுரத்தை விட்டுவிடுங்கள்.” எந்தச் சுரம் என்பதுதான் கேள்வி. தாளத்தின் தலையில் விழுவதைத் தொடக்கூடாது. அதற்கடுத்து நிற்கும் எளிய ஒன்றை விடலாம். மறுசுற்றில் வேறிடத்தில் விடவேண்டும். லீட்ரிமில் 1880இல் பிறந்து, நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக இருந்த ஜான் மெக்கென்னா 1920களில் பதிந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் இது விளங்கும். அவர் மூச்சை மறைப்பதில்லை. அந்த வெட்டுகளே மெட்டை உந்தித் தள்ளுகின்றன. நானோ ஒரு சுரத்தையும் இழக்க மனமின்றி, எட்டாவது அடியில் மொத்தமாக மூழ்கிப்போவேன்.

ஊர் திரும்பியதும் விசைகளற்ற குழல் ஒன்றுக்கு ஒரு கைவினைஞரிடம் சொல்லிவைத்தேன். பதினான்கு மாதக் காத்திருப்பு. ஆப்பிரிக்கன் பிளாக்வுட் மரம். நம் ஈட்டியின் பேரினம், நீரில் மூழ்குமளவு கனம். முதல் சில வாரம் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள் என்று குறிப்பு எழுதியிருந்தார். காரணமும் எழுதியிருந்தார். மூச்சின் ஈரத்தை மரம் உள்ளிருந்து குடிக்கிறது, வெளிப்புறமோ உலர்ந்தே இருக்கிறது. தலைப்பகுதிக்குள் சுருதி சேர்ப்பதற்கான உலோகக் குழாய் உண்டு. மரம் சுருங்கும்போது அது சுருங்காது.

படித்தேன். மூன்று மணிநேரம் ஊதினேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. டப்ளின் குளிர்காலம், வீட்டில் இரவெல்லாம் வெப்பமூட்டி. ஐந்தாம் நாள் காலையில் ஊதுதுளைக்கு மேலே ஒரு முடியளவு கோடு ஓடியிருந்தது. அன்று அலுவலகம் போகவில்லை.

குழலை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். எத்தனை மணிநேரம் என்று கேட்டார். பொய் சொன்னேன், அவர் நம்பாதது தெரிந்தது. அதே மரத்தின் தூளையும் பசையையும் பிளவில் நிரப்பித் தேய்த்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் கோடு தெரிகிறது. மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள் என்றார்.

சமையலறைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஊதுகிறேன். ஒரு ரீலை மூன்று சுற்று வாசிக்க எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடமாகிறது. ஆக, நாளுக்கு ஐந்து முறை. இன்று பதினோராம் நாள்.