பாண்டியன் பணிந்த தொண்டர்

தென்காசி விசுவநாதப் பெருமானுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் திருக்கோயில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தே அவ்வாலயத்துக்கு யாதேனும் குறை நேரின், அதனை நீக்கிக் காப்பவரைத் தான் பணிவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். முடிமன்னனொருவன், இன்னாரென்றறியாத தொண்டர்க்கு முன்னரே செலுத்திய வணக்கம் அது.

அவ்வணக்கத்துக்குத் தகுதியுடையார் ஒருவர், 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23-ஆம் நாள் இறைவன் திருவடி நீழலெய்தினார். அவர் கலைவரலாற்றாசிரியர் இரா. நாகசாமி. 1966 முதல் 1988 வரை தமிழ்நாட்டுத் தொல்பொருளாய்வுத் துறைக்குத் தலைமை பூண்டு, கல்வெட்டையும் செப்புத் திருமேனியையும் கற்குமாறு மாணவர் பலர்க்கு உணர்த்திய நல்லாசிரியர்.

அக்கல்விக்கு ஒரு சோதனை வந்தது. அந்நாளைத் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணினின்றும் வெளிப்பட்ட நடராசத் திருமேனி, களவில் விற்கப்பட்டுக் கடல் கடந்தது. அவ்வூர்க் கோயிலோ பாழ்பட்டுக் கிடந்தது. ஆங்கும் இறைவன் திருநாமம் விசுவநாதரே. பாழ்பட்ட கோயிலுக்கு உரிமையுண்டோ என்னும் வழக்கு இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. நாகசாமி ஆங்குச் சென்று, தாம் கற்றறிந்தவற்றைச் சான்றாகப் பகர்ந்தார். கோயிலுக்கே உரிமையென்று தீர்ப்பாயிற்று. 1991-இல் ஆடல்வல்லான் தாய்நாடு மீண்டருளினான்.

பூசை நின்றவிடத்தும் இறைவன் நீங்கானென்பது சைவர் துணிபு. அத்துணிபுக்கு அயல்நாட்டு மன்றத்தே அரண் செய்தது ஓராசிரியரின் கல்வி. உழவாரம் ஏந்திக் கோயிற் புல்லைச் செதுக்குதல் திருத்தொண்டாயின், கற்ற கல்வியை ஏந்திப் பெருமானை மீட்டதும் அத்தொண்டேயன்றோ? தென்காசிக் கல்லெழுத்தைப் படிக்கும் அன்பர், பாண்டியன் பணிந்தது யாரையென வினவுவாராயின், இவரையும் அவருள் ஒருவராக எண்ணுவாராக.